அறுந்த நரம்புக்கு ஒட்டோடு மின்சாரமும்

மணிக்கட்டில் கண்ணாடி கிழித்து நரம்பு அறுந்தால், வெட்டுக்குக் கீழே விரல் நுனி வரையுள்ள நரம்பிழைகள் சில நாட்களிலேயே சிதைந்துவிடும். 1850இல் அகஸ்டஸ் வாலர் தவளைகளில் கண்டறிந்த உண்மை இது. வெட்டுக்கு மேலே உயிரோடு இருக்கும் இழைகள்தான் மறுபடி துளிர்த்துக் கீழிறங்க வேண்டும். வேகம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்.

பைக்கிலிருந்து விழுந்து தோளருகே நரம்பு அறுந்தவரை நினைத்துப் பாருங்கள். உள்ளங்கைத் தசை அங்கிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளியிருக்கிறது என்றால், இழை போய்ச் சேர 600 நாள். நரம்பில்லாமல் ஓராண்டு, ஒன்றரை ஆண்டு கிடந்த தசையோ பெரும்பாலும் மீளாது.

இடைவெளி சிறிதென்றால் இரு முனைகளையும் நேராகத் தைத்துவிடலாம். பெரிதென்றால் கெண்டைக்காலின் பின்புறமுள்ள உணர்வு நரம்பை எடுத்து நடுவில் ஒட்டுவார்கள். பாதத்தின் வெளிப்புறம் கொஞ்சம் மரத்துப்போவதுதான் அதற்கான விலை. சுமார் மூன்று சென்டிமீட்டர் வரையிலான இடைவெளிக்கு கொலாஜன் போன்றவற்றால் ஆன குழாய்களும் உண்டு. ஒட்டு நரம்பிலுள்ள ஷ்வான் செல்கள், கொடிக்குக் கொம்பு நட்டதுபோல, வளரும் இழைக்குத் தடம் காட்டுகின்றன. வெறும் குழாயில் அவை இல்லை; முனைகளிலிருந்து நகர்ந்து வந்தால்தான் உண்டு.

ஒட்டு வழியைத்தான் தரும், அவசரத்தைத் தராது. அதற்குத்தான் மின்சாரம். கனடாவின் எட்மண்டனில் டெஸ்ஸா கோர்டன் குழுவினர், எலியின் தொடை நரம்பைத் தைத்தவுடன் ஒரே ஒரு மணி நேரம் 20 ஹெர்ட்ஸ் மின்தூண்டல் கொடுத்தார்கள். எட்டு முதல் பத்து வாரத்தில் நடக்கும் இயக்க நரம்பிழை மீட்பு மூன்று வாரத்தில் முடிந்தது. வளரும் வேகம் கூடவில்லை என்பதுதான் இதில் சுவையானது: வெட்டு வாயில் தயங்கி நிற்கும் இழைகள் சீக்கிரம் கடந்துபோயின, அவ்வளவே. மணிக்கட்டு நரம்பு நெருக்கத்துக்கு அறுவை செய்துகொண்டவர்களிடம் நடந்த சிறிய சோதனையிலும் பலன் தெரிந்தது.

மின் அக்குபங்சர் இதே வேலையைத் தோலில் குத்திய ஊசி வழியே செய்யப் பார்க்கிறது. தைவானின் தைச்சுங் நகர ஆய்வாளர்கள், எலிகளின் புட்டம் வழியே காலுக்கு ஓடும் சயாடிக் நரம்பை வெட்டி, சிலிக்கோன் குழாயால் இணைத்து, ஊசி வழியே மின்சாரம் செலுத்திப் பார்த்திருக்கிறார்கள். இத்தகைய சோதனைகளில் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கப்படுபவை புட்டத்திலுள்ள ஹுவான்டியாவ், முழங்காலுக்குக் கீழேயுள்ள ஜூசான்லி ஆகிய அக்குபங்சர் புள்ளிகள். இரண்டுமே சயாடிக் நரம்பும் அதன் கிளைகளும் ஓடும் பாதைக்கு அருகில்தான் இருக்கின்றன. ஆகவே பலன் புள்ளியாலா, பக்கத்தில் பாய்ந்த மின்சாரத்தாலா என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. என் சந்தேகம் மின்சாரத்தின் பக்கமே சாய்கிறது.

ஆனாலும் ஊசிக்கு ஒரு வசதி உண்டு. காயத்தை மறுபடி திறக்காமல், வாரக்கணக்கில் திரும்பத் திரும்பத் தூண்டலாம். ஆனால் எலிச் சோதனையில் நரம்பின் இடைவெளி பத்து மில்லிமீட்டர் அளவுதான். அதன் நரம்பும் மனித நரம்பைவிட எளிதாக மீள்கிறது. ஒட்டு வைத்த நோயாளிகளில் ஒரு சாராருக்குப் புள்ளியில் மின்சாரம், இன்னொரு சாராருக்குப் புள்ளிக்குத் தள்ளி மின்சாரம், மூன்றாம் சாராருக்கு மின்சாரமில்லாத ஊசி என்று பிரித்து, ஒன்றிரண்டு ஆண்டுகள் தசை வலுவை அளந்து பார்த்தால்தான் விடை கிடைக்கும்.