முகங்காணா அயலவர்

கற்பிட்டிக் கரையில் விடியற்காலையிற் கடலுக்குப் புறப்படும் படகொன்றின் இயந்திரம் இயங்க மறுக்குமாயின், படகுக்காரர் தனியே நின்று கலங்குவதில்லை. அடுத்த படகைத் தள்ளிக்கொண்டிருப்பவர் தம் வேலையை விட்டு அருகில் வருவார். வந்தவர் எடுத்த எடுப்பில் எதனையும் கழற்றமாட்டார். “தம்பி, நேற்று எப்படி ஓடினது? மண்ணெண்ணெய் எங்கே அடித்தது? இழுத்தபோது என்ன சத்தம் கேட்டது?” என்று வினவுவார். பின்னர்க் கயிற்றைத் தாமே ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். காது கொடுத்துக் கேட்பார். எண்ணெயை முகர்ந்து பார்ப்பார். பிளக்கைக் கழற்றித் துடைப்பார். பெரும்பாலும் வெயில் ஏறுமுன் பழுது இன்னதென்று புலப்பட்டுவிடும். இதற்குக் கூலி கேட்பவரும் இல்லை, கொடுப்பவரும் இல்லை. நாளை அவருடைய இயந்திரம் நின்றால் இவர் போவார், அவ்வளவே.

அதே படகுக்காரரின் வீட்டில், உயர்தர வகுப்பிற் பயிலும் மகளின் கணினி ஒருநாள் திறக்க மறுக்கின்றது என்று கொள்வோம். அயலில் உள்ளோர் நல்லவர்களே. ஆயினும் அவர்களுள் அதனை அறிந்தவர் இல்லை. திருத்துங் கடைக்குக் கொண்டு சென்றால் எத்தனை நாள் ஆகும், எவ்வளவு கேட்பார்கள் என்பது தெரியாது. பல்கலைக்கழக விண்ணப்பத்தை இணையத்தின் வழியே நிரப்ப வேண்டிய காலத்தில் அந்தச் சில நாள்கள் சிறியன அல்ல. இந்நிலையில் அவள் நாடக்கூடியவர்கள் முகங்காணா அயலவர்கள். அவர்கள் கொழும்பில் இருக்கலாம், ரொறன்ரோவில் இருக்கலாம், சென்னையில் இருக்கலாம். அவளுடைய பெயரும் ஊரும் அவர்களுக்குத் தெரியா. அவர்களுடையன அவளுக்குத் தெரியா. எனினும் கேட்டால் மறுமொழி வருகின்றது.

இவ்வழக்கம் நேற்றுத் தோன்றியதன்று. 1979ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்களான டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் என்னும் இருவர், கணினிகள் தொலைபேசிக் கம்பியின் வழியே ஒன்றுக்கொன்று செய்தி பரிமாறும் ஓர் ஏற்பாட்டினை எண்ணினர். அடுத்த ஆண்டு அது யூஸ்நெட் என்னும் பெயரில் இயங்கத் தொடங்கிற்று. அங்கே ஒருவர் தம் கணினியின் தொல்லையைச் சொல்ல, அதே தொல்லையை முன்னர் அனுபவித்தவர் பரிகாரம் எழுதினார். நாளடைவில் ஒரே வினா திரும்பத் திரும்ப வருவதைக் கண்டவர்கள், அடிக்கடி எழும் வினாக்களையும் விடைகளையும் ஒரே ஏட்டிற் சேர்த்துக் குறித்த காலந்தோறும் வெளியிடலாயினர். இச்சிறு செயலின் பெருமையைப் பலர் உணர்வதில்லை. கடற்கரையிற் சொன்ன விடை காற்றோடு போய்விடும். எழுதி வைத்த விடையோ, பத்தாண்டு கழித்து வரும் அறிமுகமற்ற ஒருவருக்கும் உதவும். 2009ஆம் ஆண்டிற் சூப்பர் யூசர் என்னும் பெயரில் எழுந்த பொதுவிடமும், அதற்கு முந்திய ஆண்டு நிரல் எழுதுவோர்க்கென அமைந்த ஸ்டாக் ஓவர்ஃப்ளோவும் இவ்வழக்கத்தின் வழித்தோன்றல்களே. அங்கே நல்ல விடைக்கு வாசிப்போர் வாக்களித்து அதனை மேலே உயர்த்துவர்.

ஆயினும் முகங்காணா அயலவர்க்கு ஒரு குறை உண்டு. அவரால் கயிற்றை இழுத்துப் பார்க்க இயலாது. எண்ணெயை முகர இயலாது. அவருக்குக் கிடைப்பன கேட்பவரின் சொற்கள் மாத்திரமே. “என் கணினி வேலை செய்யவில்லை, உதவுக” என்று எழுதினால், அது வைத்தியரிடம் சென்று “சுகமில்லை” என்று கூறி வாய் மூடி இருப்பதற்கு ஒப்பாகும். சைமன் டாதம் என்னும் பிரித்தானிய நிரலாளர், பழுதினை எவ்வாறு எடுத்துரைப்பது என்பது குறித்து 1999இல் எழுதிய கட்டுரையொன்று பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டது. உம் கண்முன் அது எவ்வாறு பழுதுறுகின்றதோ அவ்வாறே கேட்பவனும் கண்டுகொள்ளுமாறு செய்க என்பது அதன் சாரம். என்ன செய்தோம், எது நிகழுமென எதிர்பார்த்தோம், எது நிகழ்ந்தது, திரையில் எழுந்த சொற்கள் எவை என்பவற்றை வரிசையாகச் சொல்ல வேண்டும். நேற்று நன்றாய் இருந்தது இன்று கெட்டதாயின், இடையில் எது மாறியது என்பதையும் சொல்ல வேண்டும். தாமே ஊகித்த காரணத்தை மட்டும் சொல்லிக் கண்டதைச் சொல்லாது விடுவது, கேட்போர் பலர் செய்யும் பிழை.

கற்பிட்டி மாணவியின் கணினிக்கே திரும்புவோம். அவள் மேசைக் கணினியின் விசையை அழுத்தினால் திரை இருண்டே இருக்கின்றது. உள்ளிருந்து கூவும் ஒலி மாத்திரம் எழுகின்றது. இதனை எழுதினால், தொலைவிலுள்ளவர் முதலிற் கேட்பது “எத்தனை முறை கூவியது? நெடிதாகவா, குறுகியா?” என்பதே. அவ்வொலி வெறுஞ் சத்தமன்று. தன்னுள் எவ்வுறுப்பு இணங்கவில்லை என்பதைக் கணினி சொல்லும் குறிமொழி. தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் அது வேறுபடும். நினைவகப் பலகை சரியாகப் பொருந்தாமை பெரும்பாலும் இவ்வாறு வெளிப்படும். அவள் இன்னும் ஒன்றைச் சேர்த்து எழுதுவாளாயின் பாதி வேலை முடிந்தது: “எங்கள் வீடு களப்புக்கரையில் உள்ளது.” உப்புக் காற்றும் ஈரமும் உலோகத் தொடுகைகளில் அழுக்கும் துருவும் படியச் செய்யும் என்பதை அவ்வயலவர் உடனே உணர்வார். மின்னிணைப்பை முற்றாக நீக்கி, பலகையைக் கழற்றி, அதன் விளிம்பிலுள்ள பொன்னிறத் தொடுகைகளைப் பென்சில் அழிப்பானால் மெல்லத் துடைத்து, துகள் போக்கி மீண்டும் பொருத்துமாறு கூறுவார். மெல்ல என்பதை அழுத்திச் சொல்வார். ஏனெனில் அங்கே பூசப்பட்டுள்ள பொன் மிக மெல்லியது.

இவையெல்லாம் ஆங்கிலம் அறிந்தார்க்கு எளிது. தமிழில் நினைத்துத் தமிழிற் பேசும் ஒருவருக்கோ, நெடுங்காலம் வரை, கேள்வியைக் கேட்பதே பெரும்பழுதாய் இருந்தது. இக்கதை சற்று விரித்துரைக்கத் தக்கது.

இலங்கையிற் பெருவழக்குப் பெற்ற பாமினி எழுத்துருவை எடுத்துக்கொள்வோம். கணினி உண்மையில் தமிழைச் சேமிக்கவில்லை. ஆங்கில எழுத்துகளையே சேமித்தது. அவ்வெழுத்துகளின் மேல் தமிழ் வடிவங்கள் போர்த்தப்பட்டிருந்தன. ‘தமிழ்’ என்று தட்டெழுதினால் உள்ளே இருப்பன ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. பாமினி உள்ள கணினியில் அது தமிழாய்த் தோன்றும். இல்லாத கணினியிற் போர்வை விலகி, பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாய்க் கிடக்கும். ஒவ்வோர் எழுத்துரு நிறுவனமும் தனித்தனிப் போர்வை நெய்தது. எனவே முந்தலிலிருந்து ஒருவர் அனுப்பிய தமிழ்க் கடிதம் சிலாபத்தில் வாசிக்க முடியாததாயிற்று. “என் கணினியில் தமிழ் தெரியவில்லை” என்று தமிழில் எழுதிக் கேட்டால், கேட்கப்படுபவரின் கணினியிலும் அக்கேள்வி தெரியாது!

இம்முடிச்சை அவிழ்த்ததில் அரசாங்கங்களுக்கும் நிறுவனங்களுக்கும் பங்குண்டு. ஆனால் தொடங்கிவைத்தவர்கள் பயன்படுத்துவோரே. 1990களின் நடுப்பகுதியில், ஆஸ்திரேலியாவில் வாழ்ந்த பாலா பிள்ளை தமிழ்.நெட் என்னும் மின்னஞ்சற் குழுவைத் தொடங்கினார். மலேசியரான முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் அங்கே தமிழில் எழுத உதவிற்று. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் 1997இல் தமிழ்நெட் மாநாடு கூடிற்று. எந்த எழுத்துக்கு எந்த இடம் என்று, ஒருவரையொருவர் கண்டறியாத பலர், சுவிட்சர்லாந்திலிருந்தும் மலேசியாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் மின்னஞ்சல் வழியே மாதக்கணக்கில் வாதிட்டனர். சுவிட்சர்லாந்தின் விஞ்ஞானி கு. கல்யாணசுந்தரம் அவர்களுள் ஒருவர். டிஸ்கி என்னும் பொதுக் குறியீடு அவ்வாதத்தின் விளைவு. சண்டையும் குறைவில்லை, அச்சண்டை இல்லாதிருந்தால் உடன்பாடும் இராது.

இதற்கிடையே உலக மொழிகள் அனைத்துக்கும் தனித்தனி இடம் ஒதுக்கும் யூனிகோட் முறையில் 1991ஆம் ஆண்டிலேயே தமிழுக்கும் இடம் கிடைத்திருந்தது. ஆனால் இடம் கிடைத்தது வேறு, வீட்டில் விளக்கு எரிந்தது வேறு. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியிற்கூட, மொழி அமைப்புப் பகுதிக்குச் சென்று சிக்கலான எழுத்துமுறைகளுக்கான பெட்டியிற் குறியிட்டு, மூலக் குறுந்தகட்டையும் இட்டாலன்றிப் பல கணினிகளில் தமிழ் செவ்வையாய்த் தோன்றவில்லை. இதனைப் படிப்படியாகத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைத்தோர் எண்ணற்ற தன்னார்வலர். ஜெர்மனியில் வாழ்ந்த ஈழத்தமிழர் சுரதா யாழ்வாணன் பழைய எழுத்துருக்களை யூனிகோடாக மாற்றும் கருவியொன்றை எல்லோர்க்கும் இலவசமாக இணையத்தில் வைத்தார். இன்று கைப்பேசியை எடுத்தவுடன் தமிழ் எழுதுவோர் அறியாத உழைப்பு இது.

எழுதத் தெரியாதவரும் இணையமே இல்லாதவரும் என் செய்வர்? இதற்கு இலங்கை வானொலி ஒரு விடை கண்டதுண்டு. மலைநாட்டுக் கொத்மலையிற் சமூக வானொலியும் இணையமும் கைகோத்த திட்டம், யுனெஸ்கோவின் ஆதரவோடும் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் பங்கோடும் 1998, 1999ஆம் ஆண்டுகளில் உருவாயிற்று. நேயர்கள் வினாக்களை அனுப்புவர்; நிலையத்தார் இணையத்தில் தேடி, கண்டதை ஊர் மொழியில் விளக்குவர். ஒருவர் கேட்ட வினாவின் விடையை ஊரே கேட்டது என்பதே அதன் சிறப்பு.

2020ஆம் ஆண்டில் பெருந்தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, ஆசிரியரும் மாணவரும் ஒரே இரவிற் கணினியரானார்கள். அப்போது உதவிக்கு வந்தவை வாட்ஸ்அப், வைபர் குழுக்கள். ஒலி கேட்கவில்லை, பாடக்கோப்புத் திறக்கவில்லை, கைப்பேசியில் இடமில்லை என்று எழுந்த கேள்விகளுக்குக் குரற்பதிவாய் உடனே விடை வந்தது. புத்தளக் கரையோரத்துத் தமிழும் சிங்களமும் கலந்த பேச்சு வழக்கிலேயே கேட்கவும் சொல்லவும் கூடியதாயிருந்தது பேருதவி. ஆனால் அக்குழுக்கள் மூடிய அறைகள். அங்கே இன்று சொல்லப்பட்ட அருமையான பரிகாரம், நாளை வரும் நூறு வாழ்த்துச் செய்திகளின் அடியிற் புதைந்துவிடும். உடப்பில் கிடைத்த விடை நுரைச்சோலைக்குத் தெரியாது. யூஸ்நெட்டார் நாற்பது ஆண்டுகளுக்கு முன் கண்டுகொண்டதை நாம் மறந்துவிட்டோம்.

இம்மறதிக்கு இப்போது விலையும் கூடிவிட்டது. 2022ஆம் ஆண்டின் இறுதியிற் சாட்ஜிபிடி வெளிவந்தது முதல், பலர் தம் ஐயங்களை மனிதரிடம் அன்றிச் செயற்கை நுண்ணறிவிடமே கேட்கின்றனர். அவ்வியந்திரமோ மனிதர் திறந்த வெளியில் எழுதி வைத்தவற்றிலிருந்து கற்றது. ஆங்கிலத்தில் எழுதி வைத்தோர் பலர், தமிழில் சிலர். குரற்பதிவாய் மூடிய குழுவிற் கிடப்பதை எவரும் தேடிப் பெற முடியாது. ஆகவே தமிழிற் கேட்பவருக்கு ஒரு சிறு வழி: திரையில் எழுந்த பிழைச்செய்தியை, பொருள் விளங்காவிடினும், ஓரெழுத்தும் மாற்றாமல் ஆங்கிலத்திலேயே எடுத்தெழுதி, மற்றவற்றைத் தமிழில் விவரிப்பது. அச்சொற்றொடரைக் கொண்டு தேடும் வேறொருவருக்கு அத்தமிழ் விளக்கமும் அகப்படும்.

உதவுவோர் எல்லோரும் உத்தமர் அல்லர் என்பதையும் மறைத்தல் கூடாது. கேட்காமலே அழைத்து, “உங்கள் கணினியில் வைரஸ் உண்டு, தொலைவிலிருந்தே திருத்தித் தருகிறோம்” என்போர் திருடர். வங்கியிலிருந்து கைப்பேசிக்கு வரும் இரகசிய இலக்கத்தைக் கேட்பவரும் அவ்வாறே. உண்மையான அயலவர் பொதுவில் விடை சொல்வார். தவறாயின் பிறர் அதனைச் சுட்டித் திருத்துவர்.

பாமினியில் எழுதப்பட்ட பழைய கோப்புகள் பாடசாலைகளிலும் சங்கங்களிலும் இன்றும் உறங்குகின்றன. மாணவர் பதிவேடுகள், கோயிற் கணக்குகள், மீனவர் சங்கப் பெயர்ப்பட்டியல்கள் முதலியன அவற்றுள் அடங்கும். அவற்றை மாற்றுங் கருவியில் இட்டால் நொடியிற் புதுத்தமிழாகும். ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். பாமினியில் ஆங்கிலப் பெரிய எழுத்தான வீ, ‘ஏ’ என்னும் தமிழெழுத்துக்கு உரியது. கருவிக்கு எது ஆங்கிலம், எது தமிழ் என்று தெரியாது. ஆதலால் பழைய தேசிய அடையாள அட்டை இலக்கங்களின் ஈற்றில் நிற்கும் வீ அனைத்தும் ‘ஏ’ ஆகிவிடும். எக்ஸ் இருந்தால் ‘ஓ’ ஆகிவிடும். காற்புள்ளிகள் ‘இ’ ஆகிவிடும். இலக்கங்கள் உள்ள நிரலை முதலிற் பிரித்தெடுத்து வைத்துவிட்டு, பெயர்களை மாத்திரம் மாற்றிப் பின்னர் இரண்டையும் சேர்க்க வேண்டும். சேர்த்தபின், முதற் பத்துப் பெயர்களையும் கடைசிப் பத்துப் பெயர்களையும் பழைய அச்சுப் பிரதியோடு ஒப்புநோக்குவது நன்று.