இனச்சுழற்சியில் இல்லாத மொழி

கிருஷ்ணகிரி மாவட்டம் வேப்பனப்பள்ளிக் கடைத்தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் காதில் விழும். ஒரு பக்கம் கர்நாடகத்தின் கோலார் மாவட்டம், இன்னொரு பக்கம் ஆந்திரத்தின் குப்பம். வீட்டில் ஒன்று, பள்ளியில் ஒன்று, பெங்களூரு வேலைக்கு இன்னொன்று என்று மூன்று மொழி பேசுவது இங்கே திறமைக் கணக்கில் வராது. இந்த ஊர்ப் பிள்ளைகள் அரசுக் கல்லூரியில் பட்டம் படிக்கக் கிருஷ்ணகிரிக்குப் பஸ் ஏறுகிறார்கள். அங்கே அவர்களுக்குப் பாடம் சொல்ல வருபவர் யார், அவரை அனுப்பியது யார் என்பதில் நூறாண்டுக் கதை இருக்கிறது.

அந்தக் காலத்தில் கல்லூரியே வெளியூர்தான். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்த ராஜாஜி பட்டம் படிக்கப் பெங்களூர் சென்ட்ரல் கல்லூரிக்குப் போனார், சட்டத்துக்குச் சென்னை. போக வசதியும் சாதியும் இருந்தவர்கள் போனார்கள். படித்தவர்களே திரும்பிவந்து ஆசிரியராக உட்கார்ந்ததால் ஆசிரியர் அறையும் அதே முகங்களால் நிறைந்தது. 1916-ல் வெளிவந்த பிராமணரல்லாதார் அறிக்கை முறையிட்ட குறையே இதுதான்.

அதற்கு நீதிக்கட்சி ஆட்சி கண்ட மருந்து, நல்லெண்ணத்தை நம்பாமல் எண்ணை நம்புவது. முதல் வகுப்புவாரி அரசாணை 1921-ல் வந்தது. அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் அமைச்சர் எஸ். முத்தையா முதலியார். 1927-ல் அரசு வேலையில் பன்னிரண்டு இடங்களைப் பிரித்தார்கள்: பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர், முஸ்லிம், கிறிஸ்தவர்-ஆங்கிலோ இந்தியர் ஆகியோருக்குத் தலா 2, ஒடுக்கப்பட்டோருக்கு 1. கடைசியில் நிற்கும் அந்த ஒன்றைப் பார்த்தால், மருந்து எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைக்கவில்லை என்பது புரியும். 1951-ல் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுப்புவாரி முறையை அடித்து வீழ்த்த, அதே ஆண்டு அரசியலமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தம் இட ஒதுக்கீட்டுக்கு வழி திறந்தது.

இன்று பன்னிரண்டு, இருநூறாகிவிட்டது. அரசு நியமனங்களுக்கான இனச்சுழற்சியில் 200 இடங்களுக்குப் பொதுப்பிரிவு 62, பிற்படுத்தப்பட்டோர் 53, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் 7, மிகப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினர் 40, பட்டியல் சாதியினர் 30, அருந்ததியர் 6, பழங்குடியினர் 2. அமெரிக்கக் கலைக் கல்லூரிகள் ஆசிரியர்களில் பன்மை வேண்டும் என்று தீர்மானம் போடும். எண் போட்டு ஒதுக்க அங்கே சட்டம் விடாது. நம் முறை முரடானதுதான். ஆனால் தேர்வு சென்னையில் நடப்பதால் உள்ளூர்ப் பெரிய மனிதரின் சிபாரிசுக் கடிதத்துக்கு வேலை குறைந்தது. கிருஷ்ணகிரி போன்ற ஊரில் இது சின்ன விஷயமில்லை. தூரத்தில் இருப்பவருக்கு இங்கே யார் யாருக்குச் சொந்தம் என்று தெரியாது. அந்தத் தெரியாமையே பல குடும்பங்களின் முதல் பேராசிரியரை உருவாக்கியது.

இந்த முறையை இப்போது அரிப்பது தாமதம். ஆசிரியர் தேர்வு வாரியம் 2019-ல் 2,331 உதவிப் பேராசிரியர் இடங்களை அறிவித்தது, நிறைவேறவில்லை. 2024 மார்ச்சில் 4,000 இடங்கள் என்றது. ஆகஸ்டில் நடக்கவேண்டிய தேர்வு தள்ளிப்போனது. இடைப்பட்ட காலமெல்லாம் வகுப்பை நடத்தியவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். பெயரில் இருக்கிற கௌரவம் சம்பளத்தில் இல்லை. மாதம் 50,000 வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019-லேயே சொல்லியும், இங்கே தொகை அதில் பாதியைத் தொடவே ஆண்டுகள் ஆயின. முனைவர் பட்டம் வாங்கி, கோடை விடுமுறை மாதத்தில் வருமானமில்லாமல் இருக்க எந்த வீட்டால் முடியும்? முதல் தலைமுறையில் படித்தவருக்கு ஓசூர் சிப்காட் பக்கம் போவதே புத்திசாலித்தனமாகப் படும். இட ஒதுக்கீடு கதவைத் திறந்து வைத்திருக்கிறது, உள்ளே உட்காரத்தான் நாற்காலி இல்லை.

மொழி விஷயம் வேறு. இருநூறு இடப் பட்டியலில் சாதிக்கும் மதத்துக்கும் வரிசை உண்டு. பெண்கள், மாற்றுத்திறனாளிகள், தமிழ் வழியில் படித்தவர்கள் எல்லோருக்கும் தனிக் கணக்கு உண்டு. ஆனால் தெலுங்கோ கன்னடமோ பேசும் மாணவர் வகுப்புக்கு அந்த மொழி தெரிந்த ஒருவர் வருகிறாரா என்று பார்க்க ஒரு பத்தியும் இல்லை. முன்பு இந்தப் பக்கத்தில் தெலுங்கு, கன்னட வழியில் பள்ளி முடித்து வந்தவர் கல்லூரியில் தமிழில் குறிப்பெடுக்கத் திணறினார். 2006-ன் தமிழ் கற்றல் சட்டம் ஒன்றாம் வகுப்பில் தொடங்கிப் பத்தாம் வகுப்புவரை தமிழைக் கட்டாயமாக்கியபின் அந்தத் திணறல் குறைந்தது. அது நல்லதே. இப்போதைய சிக்கல் மறுபக்கம்: வீட்டில் தெலுங்கு பேசுகிறவருக்கு அதை எழுதப் படிக்கத் தெரியாது. கிருஷ்ணகிரி எம்.பி. கே. கோபிநாத் 2024 ஜூனில் மக்களவையில் தெலுங்கில் உறுதிமொழி ஏற்றபோது புருவம் உயர்த்தியவர்கள், அவர் தொகுதியின் ஒரு பஸ்ஸில் ஏறியிருந்தால் வியந்திருக்க மாட்டார்கள்.

பட்டப்படிப்பின் பகுதி ஒன்றில் தமிழுக்குப் பதில் வேறு மொழியை எடுக்க விதி இடம் தருகிறது. ஆனால் ஆசிரியர் பணியிடம் இருந்தால்தான் பாடம். மாணவர் எண்ணிக்கை இருந்தால்தான் பணியிடம். பாடம் இருந்தால்தான் மாணவர். இந்த வட்டத்தை எந்தக் கல்லூரி முதல்வராலும் தன் அறையில் உட்கார்ந்து உடைக்க முடியாது.

அதற்காக நியமனத்தை மறுபடி உள்ளூருக்குக் கொண்டுவரச் சொல்வது ஆபத்து. சிபாரிசுக் கடிதம் அடுத்த நாளே வந்துவிடும். தேர்வு விண்ணப்பத்தில் தெரிந்த மொழிகளைக் கேட்டு ஒரு கட்டம் சேர்க்கலாம். இனச்சுழற்சியில் ஓர் இடம்கூட அசையாது. தேர்வானவர்களுக்குக் கலந்தாய்வில் ஊர் ஒதுக்கும்போது, கிருஷ்ணகிரி, ஓசூர் கல்லூரிகளுக்கு மட்டும் அந்தக் கட்டத்தையும் பார்த்தால் போதும்.