எழுதப்படாத விதி

முதலில் ஒரு புதிர். இரண்டு தாய்மார், இரண்டு மகள்மார். மூன்று மாம்பழங்களை நறுக்காமல் ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டனர். எப்படி?

"நான்கு பேராயிற்றே!" என்று திகைப்போம். ஆனால் அவர்கள் பாட்டி, அம்மா, மகள் என்ற மூவரே. அம்மா ஒருவரே தாயாகவும் மகளாகவும் இருக்கிறார். நான்கு பேர் என்று புதிர் சொல்லவில்லை, நாமே சேர்த்துக்கொண்டோம்.

புதுக்கோட்டை மாவட்டத்துக் கொடும்பாளூரில் மூவர் கோயிலைப் பார்ப்பவர்க்கும் இதே மயக்கம் உண்டாகலாம். நிற்பவை இரண்டு விமானங்கள். பிறகு ஏன் 'மூவர்'? பூதி விக்கிரமகேசரி என்ற இருக்குவேள் தலைவர் தம் பெயராலும் தம் தேவியர் இருவர் பெயராலும் மூன்று விமானங்கள் எடுப்பித்ததை அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. வடபுறத்து விமானத்தின் அடித்தளம் மட்டுமே எஞ்சியுள்ளது. கண்ணில் படுவதே முழுமை என்று எண்ணியது நம் பிழை.

கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோரும் இவ்வாறு தவறுவதுண்டு. 'கொடும்பாளூர்' என்பதில் எத்தனை எழுத்துகள்? கொ, டு, ம், பா, ளூ, ர் – ஆறு என்று சிறு குழந்தையும் சொல்லும். கணிப்பொறி அப்படி எண்ணுவதில்லை. 1991-இல் வந்த ஒருங்குறி முறையில் 'க' என்பதற்கு ஓர் எண். அதனுடன் சேரும் ஒகரக் குறிக்கு வேறோர் எண். மெய்யின் புள்ளிக்கும் தனி எண். ஆகவே நம் ஆறெழுத்து அங்கே 12 ஆகிறது.

ஆங்கிலத்தை மட்டும் மனத்திற்கொண்டு, "ஓர் எழுத்துக்கு ஓர் எண்" என்று கருதி, ஒருவர் 10 இடங்கள் ஒதுக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆறெழுத்துக்கு அது தாராளம் என்றே தோன்றும். ஆயினும் கடைசி 'ர்' உதிர்ந்து 'கொடும்பாளூ' என்றே பதிவாகும். ஊர்ப் பெயருக்கு நேர்வது ஒரு மாணவியின் பெயருக்கும் நேரலாம். சான்றிதழில் ஒரு பெயர், வங்கிப் புத்தகத்தில் வேறொரு பெயர் என்றானால், உதவித்தொகைக்காக அலையப்போவது அவள்தானே?

இதற்கு மருந்து எளிது. குறியையும் புள்ளியையும் அவற்றுக்குரிய எழுத்தோடு சேர்த்து எண்ணும்படி நிரலை அமைக்க வேண்டும். நம்மவர் பெயர்களையே இட்டுச் சோதித்தும் பார்க்க வேண்டும்.

தோழியரே, உங்களுள் சிலர் நாளை நிரல் எழுதுவீர்கள். கணக்கானாலும் நிரலானாலும் தாளை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பக்கம் "கொடுக்கப்பட்டது". மறுபக்கம் "நானாகச் சேர்த்தது". இரண்டாம் பக்கத்தை நேர்மையாக நிரப்பினால் பாதிப் புதிர் அவிழ்ந்துவிடும்.