இரு முனைகளிலும் 1914-ஆம் ஆண்டின் நிழல்

புதுதில்லி: இந்தியாவின் நிலப்பரப்பு கிழக்குத் தீர்க்கரேகை 68 டிகிரி 7 நிமிடத்தில் தொடங்கி 97 டிகிரி 25 நிமிடத்தில் முடிகிறது என்பது பள்ளிப் பாடம். மாணவர்கள் மனப்பாடம் செய்யும் இந்த இரு எண்களுக்குப் பின்னாலும் தீராத எல்லைத் தகராறு இருக்கிறது. இரண்டுக்கும் மூலம் 1914-ஆம் ஆண்டின் காகிதங்களே.

கிழக்கு முனை, அருணாசலப் பிரதேசத்தின் அஞ்சாவ் மாவட்டத்தில் கிபிதூ கிராமத்தை ஒட்டியது. சிம்லா மாநாட்டில் பிரிட்டிஷ் இந்தியாவும் திபெத்தும் 1914 மார்ச்சில் ஏற்ற மக்மோகன் கோடுதான் இங்கு எல்லை. சீனா அதை ஏற்கவில்லை. 1962 போரில் கிபிதூ, வாலாங் வழியாகவும் அதன் படைகள் நுழைந்தன. மத்திய உள்துறை அமைச்சர் அமித் ஷா 2023 ஏப்ரலில் கிபிதூ சென்றபோதும் பெய்ஜிங் ஆட்சேபம் தெரிவித்தது.

இந்தியா, சீனா, பர்மா சந்திக்கும் புள்ளியிலும் சிக்கல் உண்டு. 1960-இல் சீனாவும் பர்மாவும் திபு கணவாயை முச்சந்தியாகக் கொண்டு ஒப்பந்தம் செய்தபோது இந்தியா எதிர்ப்புத் தெரிவித்தது. 1967 மார்ச்சில் பர்மாவுடன் எல்லை உடன்பாடு கண்டபோதும், வடகோடிப் புள்ளி மட்டும் இறுதி செய்யப்படாமல் விடப்பட்டது.

மேற்கே கதை வேறு. அங்கு மலை இல்லை, சேறுதான். குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில், லக்பத் வட்டத்து குஹர் மோட்டி கிராமத்துக்கு அப்பால் சதுப்பு நிலத்தை ஊடறுத்து ஓடுகிறது சர் கிரீக் எனும் 96 கி.மீ. நீள உப்பங்கழி. கட்ச் சமஸ்தானத்துக்கும் சிந்துப் பகுதிக்கும் இடையிலான தகராறைத் தீர்த்து பம்பாய் அரசு 1914-இல் தீர்மானம் வெளியிட்டது. அதனுடன் இணைந்த வரைபடத்தில் பச்சைக் கோடு கழியின் கிழக்குக் கரையில் ஓடுகிறது. ஆகவே கழி முழுவதும் தனது என்கிறது பாகிஸ்தான். அதே தீர்மானம் கப்பல் செல்லும் நீர்வழி பற்றியும் பேசுகிறது, எனவே நடு நீரோட்டமே எல்லை என்பது இந்தியாவின் வாதம். 1925-ஆம் ஆண்டு வரைபடத்தையும் அது சான்று காட்டுகிறது. கிழக்கே 1914-ஐ இந்தியா ஏந்தி நிற்க, மேற்கே அதே ஆண்டின் வரைபடத்தைப் பாகிஸ்தான் ஏந்தி நிற்பது வரலாற்றின் வேடிக்கை.

கட்ச் ரண் தகராறில் 1968-இல் தீர்ப்பளித்த சர்வதேச நடுவர் மன்றம் சர் கிரீக்கைத் தொடவில்லை. 2007-இல் இரு நாடுகளும் கூட்டாக அளந்தன; கழி தடம் மாறியிருப்பது அப்போது உறுதியானது. 2012 ஜூனில் தில்லியில் நடந்த பேச்சு முடிவின்றிக் கலைந்தது. 2025 அக்டோபரில் புஜ் நகரில் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங், இப்பகுதியில் அத்துமீறினால் கடும் பதிலடி கிடைக்கும் என்று எச்சரித்தார்.

சேற்றுக்கு ஏன் இவ்வளவு போராட்டம்? நில எல்லை கடலைத் தொடும் புள்ளியிலிருந்தே கடல் எல்லை புறப்படுகிறது. அப்புள்ளி சிறிது நகர்ந்தாலும் கடலில் பெரும் பரப்பு கைமாறும்; மீனும் எண்ணெய் வளமும் அதனுடன் போகும். பாக் நீரிணையில் 1974 ஒப்பந்தம் கோடு போட்ட பிறகும் தமிழக மீனவர் கைது நிற்கவில்லை. கோடே இல்லாத கடலில் குஜராத் மீனவர் எதைப் பார்த்துத் திரும்புவது? 2008-ஆம் ஆண்டு உடன்பாட்டின்படி ஜனவரி 1, ஜூலை 1 ஆகிய தேதிகளில் தில்லியும் இஸ்லாமாபாதும் கைதிகள் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. மீனவர்களின் எண்ணிக்கை அதில் தனியாகவே குறிக்கப்படுகிறது.