மாதிரியாக்க மென்பொருள்களில் கூறுகளின் ஒப்பீடு: அடையாளமும் பொருத்தமும்

ஆய்வுச் சுருக்கம்

ஒரே மாதிரியின் இரு பதிப்புகளை ஒப்பிடும் தேவை மென்பொருள் வடிவமைப்பிலும் கட்டட வடிவமைப்பிலும் அடிக்கடி எழுகிறது. இவ்வொப்பீட்டில் வேறுபாடுகளைக் கணக்கிடுவது எளிது. முதற்பதிப்பின் எந்தக் கூறு இரண்டாம் பதிப்பின் எந்தக் கூறாகத் தொடர்கிறது என்று துணிவதே கடினம். இத்துணிபு பிழைத்தால் அதன்மேல் எழும் வேறுபாட்டுப் பட்டியலும் பிழைபடும். கூறுகளைப் பொருத்தும் முறைகளையும், அவை தவறும் இடங்களையும், தமிழில் பெயரிடப்பட்ட கூறுகளை ஒப்பிடுகையில் எழும் தனிச் சிக்கலையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மாதிரி ஒப்பீடு, யூ.எம்.எல்., பொருத்தம், ஒப்புமை அளவு, ஒருங்குறி

1. முன்னுரை

இரு உரைக்கோப்புகளை வரிவரியாக ஒப்பிட்டு வேறுபாடு காணும் வழிமுறையை ஹன்ட், மெக்கில்ராய் ஆகிய இருவரும் 1976-இல் பெல் ஆய்வகத்தின் அறிக்கையாக வெளியிட்டனர். நிரல் எழுதுவோர் இன்றும் நாள்தோறும் கையாளும் ஒப்பீட்டுக் கருவிகள் அந்த மரபில் வந்தவை. வரிகளுக்கு ஒரு வரிசை உண்டு. அவ்வரிசையே அவ்வழிமுறையின் அடிப்படையாகும்.

மாதிரிக்கு அத்தகைய வரிசை இல்லை. 1997-இல் தரநிலையாக ஏற்கப்பட்ட யூ.எம்.எல். மொழியில் வரையப்படும் மாதிரி என்பது வகுப்புகள், அவற்றின் பண்புகள், வகுப்புகளுக்கு இடையிலான தொடர்புகள் ஆகியவற்றால் பின்னப்பட்ட வலை. அதனை எக்ஸ்.எம்.ஐ. வடிவில் கோப்பாகச் சேமிக்கும்போது, பொருள் சிறிதும் மாறாமலேயே வரிகளின் இடம் மாறக்கூடும். அக்கோப்பை வரிவரியாக ஒப்பிட்டால் பொருளற்ற மாற்றங்களுக்கிடையே பொருளுள்ள மாற்றம் மறைந்துபோகும். ஆகவே மாதிரிகளை வரிகளாக அன்றிக் கூறுகளாகவே ஒப்பிடவேண்டும்.

2. ஒப்பீட்டின் படிநிலைகள்

மாதிரி ஒப்பீடு பொதுவாக மூன்று படிகளில் நிகழும். முதலாவது, இரு மாதிரிகளின் கூறுகளை இணை இணையாகப் பொருத்துதல். இரண்டாவது, பொருந்திய இணைகளுக்குள் மாறியவற்றைக் கண்டறிதல். மூன்றாவது, அம்மாற்றங்களைப் பயனருக்குக் காட்டுதல் அல்லது இரு மாதிரிகளையும் ஒன்றாக இணைத்தல். இணை கிடைக்காத பழைய கூறு 'நீக்கப்பட்டது' எனவும், இணை கிடைக்காத புதிய கூறு 'சேர்க்கப்பட்டது' எனவும் கொள்ளப்படும். எனவே நீக்கம், சேர்ப்பு, மாற்றம் என்னும் மூவகை முடிவுகளும் முதற்படியையே சார்ந்துள்ளன.

3. பொருத்தும் முறைகள்

பொருத்தும் முறைகளைக் கொலோவோஸ் முதலியோர் 2009-இல் நான்காக வகைப்படுத்தினர்.

3.1 நிலையான அடையாளக்குறி: கூறு உருவாகும்போதே அதற்கு ஒரு தனிக்குறியை மென்பொருள் வழங்குகிறது. ஒரே குறியுடைய இரு கூறுகள் ஒன்றெனக் கொள்ளப்படும். இம்முறை விரைவானது, பெயர் மாறினாலும் இடம் மாறினாலும் கூறு தவறாது. ஆனால் இரு மாதிரிகளும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்திருக்க வேண்டும். தனித்தனியே வரையப்பட்ட மாதிரிகளுக்கும், நிரலிலிருந்து மீட்டெடுக்கப்பட்ட மாதிரிகளுக்கும் இது உதவாது. கட்டடத் தகவல் மாதிரிகளைப் பரிமாறும் ஐ.எஃப்.சி. வடிவில் சுவர், தூண் முதலிய ஒவ்வொரு பொருளுக்கும் 128 பிட் எண் ஒன்று 22 எழுத்துகளாகச் சுருக்கித் தரப்படுகிறது. வடிவமைப்பாளர் ஒரு சுவரை அழித்துவிட்டு அதே இடத்தில் அதே அளவில் மீண்டும் வரைந்தால் அது புதிய குறியைப் பெறும். கட்டடத்தில் எதுவும் மாறாதபோதும் ஒப்பீடு ஒரு நீக்கத்தையும் ஒரு சேர்ப்பையும் அறிவிக்கும்.

3.2 கணிக்கப்படும் குறி: பெயர், வகை, உள்ளடக்கும் தொகுப்பு ஆகியவற்றைச் சேர்த்து ஒப்பீட்டு நேரத்தில் குறி கணிக்கப்படுகிறது. சேமித்த குறி இல்லாத மாதிரிகளுக்கும் இது பயன்படும். ஆயினும் பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் பொருத்தம் முறிந்துவிடும்.

3.3 ஒப்புமை அளவு: பெயர், பண்புகள், தொடர்புகள் ஆகியவற்றின் ஒற்றுமைக்கு மதிப்பளித்து, கூட்டுமதிப்பு ஒரு வரம்பைத் தாண்டினால் இரு கூறுகளும் ஒன்றெனக் கொள்ளும் முறை இது. ஜிங், ஸ்ட்ரூலியா ஆகியோர் 2005-இல் வெளியிட்ட யூ.எம்.எல்.டிஃப் வழிமுறை, பெயரொற்றுமையையும் அமைப்பொற்றுமையையும் கொண்டு பெயர்மாற்றத்தையும் இடமாற்றத்தையும் இனங்காண்கிறது. எக்லிப்ஸ் சூழலின் இ.எம்.எஃப். கம்பேர் கருவி, அடையாளக்குறி இருந்தால் அதனையும் இல்லையேல் ஒப்புமையையும் நாடுகிறது.

3.4 மொழிசார் முறை: குறிப்பிட்ட மாதிரிமொழியின் பொருளை அறிந்து அதற்கெனவே எழுதப்படும் விதிகளால் பொருத்துவது. துல்லியம் மிகும், ஒவ்வொரு மொழிக்கும் தனியே உழைக்கவேண்டும்.

4. ஒப்புமை அளவு: ஓர் எடுத்துக்காட்டு

ஒரு நூலக மாதிரியில் 'உறுப்பினர்' என்னும் வகுப்பு உள்ளதெனக் கொள்வோம். பெயர், முகவரி, தொலைபேசி என்பன அதன் பண்புகள். 'கடன்' என்னும் வகுப்புடன் அது தொடர்புடையது. புதிய பதிப்பில் பண்புகளும் தொடர்பும் அவ்வாறே இருக்க, வகுப்பின் பெயர் மட்டும் 'வாசகர்' என மாறுகிறது.

பெயருக்கு 0.3, பண்புகளுக்கு 0.4, தொடர்புகளுக்கு 0.3 என எடை தருவோம். 'உறுப்பினர்' ஆறெழுத்துச் சொல். அதனை 'வாசகர்' ஆக்க ஐந்து திருத்தங்கள் வேண்டும். எனவே பெயரொற்றுமை 1 − 5/6, அதாவது ஏறத்தாழ 0.17. கூட்டுமதிப்பு 0.05 + 0.4 + 0.3 = 0.75 ஆகும். வரம்பு 0.6 எனில் இவை ஒரே கூறு, மாற்றம் பெயர்மாற்றமே.

இனி, 'உறுப்பினர்' உண்மையிலேயே நீக்கப்பட்டு, அதே மூன்று பண்புகளுடனும் வேறு தொடர்புகளுடனும் 'பணியாளர்' சேர்க்கப்பட்டதாகக் கொள்வோம். கூட்டுமதிப்பு 0.45 ஆகும். வரம்பு 0.6 எனில் முடிவு சரி, வரம்பை 0.4 எனத் தளர்த்தினால் நூலக வாசகரே நூலகப் பணியாளராகிவிடுவார். வரம்பை உயர்த்தினால் உண்மையான இணைகள் தவறும். தாழ்த்தினால் பொய்யான இணைகள் தோன்றும். எல்லா மாதிரிகளுக்கும் ஏற்ற ஒரே வரம்பு இல்லை.

5. தமிழ்ப் பெயர்களும் ஒப்புமை அளவும்

யூ.எம்.எல். கூறுகளுக்குத் தமிழிலும் பெயரிடலாம். ஆனால் பெயரொற்றுமையைக் கணிக்கும் நிரல்கள் பெரும்பாலும் எழுத்துகளை அன்றி ஒருங்குறிக் குறியெண்களையே எண்ணுகின்றன. தமிழில் ஓர் உயிர்மெய் பொதுவாக இரு குறியெண்களாலும், மெய்யெழுத்து அகரமெய்யும் புள்ளியுமாகவும் அமைகிறது.

'நூல்', 'நூலகம்' என்னும் இரு பெயர்களைக் கருதலாம். குறியெண் கணக்கில் முன்னது நான்கு, பின்னது ஆறு; இரண்டு சேர்ப்புகளே வேண்டுவதால் ஒற்றுமை 1 − 2/6 = 0.67. எழுத்துக் கணக்கில் முன்னது இரண்டு, பின்னது நான்கு; 'ல்' என்பது 'ல' ஆகவும் 'க', 'ம்' சேரவும் மூன்று திருத்தங்கள் வேண்டும்; ஒற்றுமை 1 − 3/4 = 0.25. அதே இணைக்குக் கிடைக்கும் இவ்விரு மதிப்புகளும் வரம்பின் இரு பக்கங்களில் நிற்கக்கூடும்.

மற்றொரு சிக்கலும் உண்டு. 'கொடையாளர்' என்பதிலுள்ள ஒகரக்குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். எகரக்குறி, கால் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறு. ஒப்பிடுமுன் ஒருங்குறி இயல்பாக்கம் செய்து, எழுத்துகளாகப் பகுத்து எண்ணினால் இவ்விரு சிக்கல்களும் நீங்கும்.

6. மும்முனை ஒப்பீடும் இழப்பும்

பொருத்தத்தின் பிழை மிகுதியும் வெளிப்படுவது இணைக்கும்போதுதான். ஒரே மூலமாதிரியிலிருந்து இருவர் பணிபுரிகின்றனர்: ஒருவர் 'உறுப்பினர்' என்பதை 'வாசகர்' ஆக்குகிறார், மற்றவர் 'உறுப்பினர்' வகுப்பில் 'மின்னஞ்சல்' என்னும் பண்பைச் சேர்க்கிறார். மூலத்தையும் இரு பதிப்புகளையும் சேர்த்து ஒப்பிடுவது மும்முனை ஒப்பீடு. அடையாளக்குறியால் பொருத்தினால் 'மின்னஞ்சல்' பண்புடைய 'வாசகர்' கிடைக்கும். இருவர் உழைப்பும் நிற்கும். பெயரால் பொருத்தினால், ஒருவர் நீக்கிய வகுப்பை மற்றவர் மாற்றியதாக முரண்பாடு எழும். பயனர் நீக்கத்தை ஏற்றால் 'மின்னஞ்சல்' பண்பும் அவ்வகுப்போடு அழியும். அதன் பின் மாதிரி குறையற்றதாகவே தோன்றுவதால், இழப்பு நெடுநாள் புலப்படாது.

7. முடிவுரை

கூறுகளின் ஒப்பீட்டில் வேறுபாடு என்பது பொருத்தத்தின் விளைவேயன்றித் தனித்து நிற்பதன்று. ஒரே மூலத்திலிருந்து ஒரே மென்பொருளில் வளர்ந்த மாதிரிகளுக்கு அடையாளக்குறி முறையே ஏற்றது. குறிகள் மாறாமல் காப்பது பணிக்குழுவின் கடமை. மூலம் வேறானால் ஒப்புமை முறை தேவை. அப்போது வரம்பை அறிந்த இணைகளைக் கொண்டு சோதித்துக் கொள்ளவேண்டும். தமிழ்ப் பெயர்களுக்கு இயல்பாக்கமும் எழுத்துவழி எண்ணலும் இன்றியமையாதவை. நீக்கமும் சேர்ப்பும் அருகருகே தோன்றுமிடத்தில் அவை ஒரே கூறின் பெயர்மாற்றமா என ஆராய்ந்த பின்னரே இணைப்பை ஏற்பது முறையாகும்.