காளை இல்லாத ரிஷபவாகனர்

தஞ்சாவூருக்குப் போகிறவர்கள் பெரிய கோயிலைச் சுற்றிவிட்டு, ஆளுக்கொரு தலையாட்டி பொம்மையை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். அரண்மனைக்கும் ஒரு பகல் ஒதுக்குங்கள். எங்கள் பண்ருட்டி வழியாகப் போகும் ரயில் கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம் என்று ஊர் ஊராகக் காட்டிக்கொண்டே அங்கே இறக்கிவிடும்.

நாயக்கர்கள் தொடங்கிய அரண்மனை அது. 1676 முதல் மராட்டியர் கைக்கு வந்தது. 1855இல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசில்லாமல் இறந்ததும் கிழக்கிந்தியக் கும்பினியார் ராஜ்யத்தை எடுத்துக்கொண்டார்கள். அரசர் போனபின் அரண்மனை அருங்காட்சியகமாவது உலகமெங்கும் நடந்ததுதான். சீனத்தில் 1420இல் கட்டி முடிந்த பெய்ஜிங் அரண்மனையிலிருந்து கடைசிப் பேரரசர் பூயியை 1924இல் வெளியேற்றினார்கள். மறு வருஷமே மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். 1933இல் ஜப்பானியப் படைக்குப் பயந்து அந்தப் பொக்கிஷங்களை ஆயிரக்கணக்கான பெட்டிகளில் கட்டித் தெற்கே அனுப்பினார்கள். அதில் ஒரு பங்கு இன்று தைவானில் இருக்கிறது.

தஞ்சையில் பொருள்கள் வெளியிலிருந்து உள்ளே வந்தன. தஞ்சையை ஒட்டிய கரந்தையில் இருந்த பிரம்மன் சிலையைக் கல்கத்தாவுக்குக் கேட்டபோது மக்கள் விடவில்லை என்று சொல்வார்கள். அப்போது கலெக்டராக இருந்த டி.கே. பழனியப்பன் முயற்சி எடுத்து 1951இல் அரண்மனையில் கலைக்கூடத்தைத் தொடங்கினார். சோழ நாட்டுக் கிராமங்களில் மண்ணுக்கடியில் கிடந்த சாமிகளெல்லாம் ராஜா வீட்டுக்குக் குடிவந்தார்கள்.

அவர்களில் ஒருவரைப் பார்க்கத்தான் நான் போகிறேன். திருவெண்காட்டு ரிஷபவாகனர், காளையை வாகனமாகக் கொண்ட சிவன். கொலு பொம்மை செய்கிற குடும்பம் எங்களுடையது; சிலை என்றால் முகத்தைவிட அது நிற்கிற விதத்தைத்தான் என் கண் முதலில் தேடும். இவர் ஒரு காலை ஊன்றி, மறு காலைக் குறுக்கே வைத்து, வலக்கையை மடித்துக் காளையின் மேல் சாய்த்திருக்கிறார். தலையில் முண்டாசுபோல் சுற்றிய சடை, அதில் பாம்புகள். ஆனால் காளை இல்லை.

“தாத்தா, மாடு எங்க?” என்றாள் கூட வந்த பேத்தி.

“காணோம்மா. அது மட்டும் கிடைக்கலை.”

“அப்ப ஏன் இவர் விழலை?”

நல்ல கேள்வி. பாரம் முழுவதையும் ஊன்றிய காலில் இறக்கி, இடுப்பை ஒரு பக்கம் ஒடித்து வார்த்திருக்கிறார்கள். அந்தச் சாய்வைப் பார்த்தாலே காளையின் உயரம்கூடத் தெரிகிறது.

1011இல், ராஜராஜன் காலத்தில், கோலக்கவன் என்பவர் இதைச் செய்து கொடுத்ததாகக் கோயில் கல்வெட்டு சொல்கிறது. மறு வருஷம் தேவியும் வந்தாள். இன்றும் பக்கத்திலேயே நிற்கிறாள். மெழுகில் உருவைச் செய்து, மேலே வண்டல் மண் பூசிக் காயவைத்து, சூடேற்றி மெழுகை வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் மண்கூட்டை உடைத்தாக வேண்டும். எங்கள் அச்சில் ஒரே பிள்ளையாரை நூற்றுக்கணக்கில் எடுக்கலாம். அங்கே ஒரு வார்ப்புக்கு ஒரு சாமிதான். அதனால்தான் இவரைப் போல இன்னொருவர் எங்கும் இல்லை.

அதே வளாகத்தில் சரசுவதி மகால் நூலகம். 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி காசி வரை போய்ச் சுவடி சேர்த்தவர். கண் நோயாளிகளின் கண்களைப் படமாக எழுதவைத்து, சிகிச்சைக் குறிப்புகளைக் காப்பாற்றியவர். அவர் சேர்த்தவற்றில் சீனத்துத் தண்டனைகளைக் காட்டும் வண்ணப் படங்களும் உண்டு. சின்னப் பிள்ளைகளை அந்தப் பக்கம் கூட்டிப்போக வேண்டாம்.

இந்த நவராத்திரிக்கு ரிஷபவாகனரைக் காளையில்லாமலே செய்து பார்க்க ஆசை. களிமண்ணில் அந்தக் கை காயும்வரை தாங்குமா என்பதுதான் கவலை. உள்ளே கம்பி வைத்தால் சூளையில் வெடித்துவிடும். காகிதக்கூழில் செய்யலாம் அப்பா என்கிறான் மகன்.