மிளகு பிறந்த மண் எது?
இந்திய – இலங்கை வணிக உடன்படிக்கை புகட்டும் பாடம்



தங்கள் இல்லத்து அஞ்சறைப் பெட்டியில் உள்ள மிளகு எந்த மண்ணில் விளைந்தது என்று என்றேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? வயநாட்டிலா, கொல்லிமலையிலா, இலங்கையின் மாத்தளையிலா, அன்றித் தொலைவிலுள்ள வியட்நாமிலா? சமைப்பவருக்கு இக்கேள்வி தேவையற்றதாகத் தோன்றலாம். ஆனால் இரு நாடுகள் செய்துகொண்ட ஓர் உடன்படிக்கையின் வெற்றியும் தோல்வியும் இக்கேள்விக்கான விடையிலேதான் அடங்கியிருக்கின்றன.

காயல்பட்டினத்தாருக்கும் கீழக்கரையாருக்கும் இலங்கை வணிகம் புதிதன்று. பாட்டனார் காலந்தொட்டே மரக்கலங்கள் சென்றுவந்த கடல் அது. அக்கடலின் இரு கரைகளுக்குமிடையே சுங்கத் தீர்வையைக் குறைக்கும் நோக்குடன், 1998 டிசம்பர் 28ஆம் நாள், பிரதமர் வாஜ்பாயும் அதிபர் சந்திரிகா குமாரதுங்கவும் புதுடில்லியில் தடையற்ற வணிக உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர். 2000ஆம் ஆண்டு மார்ச்சில் அது நடைமுறைக்கு வந்தது.

சிறிய நாட்டுக்குச் சலுகை

இந்தியா பெரிய நாடு, இலங்கை சிறியது. எனவே சலுகைகளும் ஒரே அளவில் அமையவில்லை. இந்தியா ஏறத்தாழ 1,350 பொருள்களுக்கு உடனடியாகத் தீர்வையை நீக்கியது. இலங்கை நீக்கியதோ ஏறத்தாழ 320 பொருள்களுக்கு மட்டுமே. எஞ்சியவற்றுக்குப் படிப்படியாகத் தீர்வையைக் குறைத்திட இந்தியா மூன்றாண்டுகளும் இலங்கை எட்டாண்டுகளும் எடுத்துக்கொண்டன. உள்நாட்டு உழவரையும் தொழிலையும் காக்கும் பொருட்டு, சலுகையே இல்லாத விலக்குப் பட்டியல் ஒன்றையும் இரு நாடுகளும் வைத்துக்கொண்டன. தேயிலைக்கு ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி கிலோ, ஆடைகளுக்கு 80 லட்சம் உருப்படிகள் என்று வரம்புகளும் விதிக்கப்பட்டன.

பலன் விரைவிலேயே தெரிந்தது. 2000இல் ஆறு கோடி டாலரையும் எட்டாதிருந்த இலங்கையின் இந்திய ஏற்றுமதி, 2005இல் 55 கோடி டாலரைத் தாண்டியது. ஐந்தே ஆண்டுகளில் ஒன்பது மடங்கு! பாராட்டத்தக்க வளர்ச்சிதானே என்பீர்கள். சற்றுப் பொறுங்கள். வளர்ந்தது எது என்பதையும் நாம் பார்த்தாக வேண்டும்.

வனஸ்பதி வந்த வழி

அவ்வளர்ச்சியின் பெரும் பகுதி வனஸ்பதியும் செம்புப் பொருள்களுமே. இலங்கையில் செம்புச் சுரங்கங்கள் உண்டா? இல்லை. வெளிநாடுகளிலிருந்து வாங்கிய பழைய செம்பை உருக்கி, இந்தியாவுக்கு அனுப்பினார்கள். வனஸ்பதியின் கதையும் இதுவே. மலேசியா, இந்தோனேசியாவிலிருந்து பாமாயிலை நேரே இறக்கினால் இந்தியாவில் கடுமையான தீர்வை, இலங்கையிலோ குறைவு. எனவே இலங்கையில் ஆலைகள் முளைத்தன. பாமாயில் அங்கே வனஸ்பதியாகி, தீர்வையின்றி இந்தியாவுக்குள் நுழைந்தது.

இந்திய ஆலைகள் முறையிட்டன. ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டன் என வரம்பு கட்டப்பட்டது. பின்னர் 2008இல் இந்தியா கச்சா பாமாயிலுக்கான தீர்வையையே நீக்கியதும், அவ்வாலைகளுக்கு இருந்த ஆதாயம் மறைந்தது. மண்ணில் வேரில்லாத தொழில், தீர்வை மாறியதும் வாடிப்போனது!

ஒரு சான்றிதழின் கனம்

இத்தகைய குறுக்கு வழியைத் தடுக்கவே உடன்படிக்கையில் ‘பிறப்பிட விதி’ உண்டு. வெளிநாட்டு மூலப்பொருளைக் கொண்டு செய்த பண்டமாயின், கப்பலேற்றும் மதிப்பில் குறைந்தது 35 விழுக்காடேனும் ஏற்றுமதி செய்யும் நாட்டிலேயே சேர்ந்திருக்க வேண்டும். இந்திய மூலப்பொருள் பத்து விழுக்காடு கலந்திருந்தால் 25 விழுக்காடு போதும். விளைபொருளாயின் அந்நாட்டு மண்ணிலேயே விளைந்திருக்க வேண்டும். இதற்கு அரசுத் துறை அளிக்கும் பிறப்பிடச் சான்றிதழே ஆதாரம்.

இனி மிளகுக்கு வருவோம். இலங்கை மிளகு ஆண்டுக்கு 2,500 டன் வரை தீர்வையின்றி இந்தியாவுக்குள் வரலாம். பிற நாட்டு மிளகுக்குப் பொதுத் தீர்வை 70 விழுக்காடு. இத்தனை பெரிய வேறுபாடு இருந்தால் ஆசை பிறக்காதா? வியட்நாம் மிளகு இலங்கை முகவரியோடு வருகிறது என்ற முறையீடு கேரளத்திலும் குடகிலும் வலுத்தது. 2017 டிசம்பரில், கிலோவுக்கு 500 ரூபாய்க்குக் குறைந்த விலையில் மிளகு இறக்குமதி கூடாதென இந்திய அரசு ஆணையிட்டது. 2020 செப்டம்பர் முதல், சான்றிதழ் மட்டும் போதாது, பொருளின் பிறப்பிட விவரங்களை இறக்குமதியாளரே வைத்திருக்க வேண்டும் என்ற விதியும் வந்தது.

இழந்தவர் யார்?

பொய்ச் சான்றிதழால் ஆதாயம் அடைபவர் இடைத்தரகர். விலை சரிந்து வாடுபவர் வயநாட்டு உழவர். ஐயத்துக்குள்ளாகி, நேர்மையான சரக்கும் துறைமுகத்தில் காத்துக்கிடக்கக் கண்டு வருந்துபவர் மாத்தளை உழவர். யாருக்காகக் கதவு திறக்கப்பட்டதோ, அவருக்கே அது பாதி மூடிக்கொள்கிறது!

இவ்வுடன்படிக்கையை விரிவாக்கும் பேச்சு 2016இல் தொடங்கி, இடையில் நின்று, 2023இல் மீண்டும் தொடர்ந்தது. எத்தனை பொருள்களுக்குத் தீர்வை நீங்கும் என்பதையே பலரும் கேட்கின்றனர். அதைவிட முதன்மையான கேள்வி ஒன்றுண்டு: சலுகை உரியவரைச் சென்றடைவதை யார், எவ்வாறு உறுதிசெய்வது? இரு கரை உழவரின் வாழ்வும் அவ்விடையையே நம்பியிருக்கிறது. நாமும் அதைக் கேட்க வேண்டாமா?